முதல் பவளத் தொட்டி: மீனுக்கு முன் நீரை வளர்ப்பது எப்படி

கடல் மீன் தொட்டி வைக்கப்போகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவருக்கு இரண்டு வகையான அறிவுரைகள் வந்து சேரும். நன்னீர்த் தொட்டியில் பழகியவர்கள், தண்ணீரில் உப்பைக் கலந்துவிட்டால் மீதியெல்லாம் அதே வேலைதான் என்பார்கள். வாங்கிய மீன்கள் ஒரே வாரத்தில் செத்து மிதந்ததைப் பார்த்தவர்கள், அது காசு உள்ளவர்களின் விளையாட்டு, கை வைக்காதே என்பார்கள். இரு தரப்புமே மீன் பிழைப்பதையும் சாவதையும் கைராசி போலப் பேசுகின்றன. அதற்கான காரணங்களோ பள்ளிக்கூட வேதியியல் தெரிந்தவருக்கே விளங்கக்கூடியவை.

பவளத் தொட்டி என்பது கடல்நீரில் பாறை, மீன், பவளம், நுண்ணுயிர் ஆகிய நான்கும் ஒன்றையொன்று சார்ந்து வாழும் தொட்டி. சென்னை போன்ற வெப்பமான கடலோர ஊரில், மூன்றடி நீளத் தொட்டி ஒன்றை முதன்முதலாக அமைக்க நினைப்பவரை மனத்தில் வைத்து இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

பெரிய தொட்டிதான் எளிது

சின்னத் தொட்டியில் பழகிவிட்டுப் பெரியதற்குப் போகலாம் என்பது கேட்பதற்கு நியாயமான யோசனை. கடல் தொட்டியில் அது தலைகீழாகிவிடுகிறது. காரணம், ஆவியாதல். தொட்டியிலிருந்து நீர் மட்டும்தான் ஆவியாகிறது. உப்பு முழுவதும் உள்ளேயே தங்கிவிடுகிறது.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். இந்த அளவைத்தான் உப்புத்தன்மை என்கிறோம். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டி ஏறத்தாழ 190 லிட்டர் கொள்ளும். நாளுக்கு 2 லிட்டர் ஆவியாவதாக வைத்துக்கொண்டு, ஐந்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் உப்புத்தன்மை 37-க்கு அருகே வந்திருக்கும். 30 லிட்டர்த் தொட்டியில் நாளுக்கு அரை லிட்டர் போனாலே, அதே ஐந்து நாளில் 38-ஐத் தாண்டிவிடும். வெப்பம், கழிவு, மருந்து என எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். நீரின் அளவு குறைந்தால் தவறு பெரிதாகும்.

ஆவியானதை ஈடுசெய்ய ஊற்ற வேண்டியது உப்பில்லாத தூய நீர். பலர் இங்கே உப்பு கலந்த நீரையே ஊற்றி, உப்புத்தன்மையை மெல்ல மெல்ல ஏற்றிவிடுகிறார்கள். நீர்மட்டம் இறங்கியதும் தானாகத் தூய நீரை விடும் சிறு கருவி கிடைக்கிறது. அன்றாடம் ஊற்றுவதற்கு ஆள் இல்லாத வீட்டில் அது ஆடம்பரமல்ல.

தண்ணீர், கண்ணாடி, பாறை, மேசை எல்லாம் சேர்ந்து எடை கால் டன்னை எளிதில் தாண்டும். நேர் வெயில் படாத சுவரோரமாக, ரசமட்டம் வைத்துப் பார்த்த மேசையின் மேல் தொட்டி அமர வேண்டும். தொட்டிக்கு அடியில் சம்ப் எனப்படும் இரண்டாவது தொட்டி ஒன்றை வைத்து, மேலிருந்து வழியும் நீரை அங்கே இறக்கி, பம்பால் மீண்டும் மேலேற்றுவது வழக்கம். கருவிகளை மறைத்துவைக்க இடமும், கூடுதலாகக் கொஞ்சம் நீரும் அதனால் கிடைக்கின்றன.

எந்தப் பவளம்? சட்டம் முதலில்

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் அநேகமாகக் கவனிக்காமல் விடுவது இதைத்தான். இந்தியாவில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் 2001 முதல் பவளங்களும் இடம்பெற்றுள்ளன. பாறை கட்டும் கல் பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், குழல் பவளம், கடல் விசிறி ஆகியவை அதில் அடங்கும். புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை அது. கடல் குதிரைக்கும் கடல் அட்டைக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு.

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. ஒருகாலத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப் பாறைகள் வெட்டி எடுக்கப்பட்ட கடல் அது. அங்கே கரையொதுங்கிய செத்த பவளத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவதும் குற்றந்தான். ஆகவே தொட்டிக்கான பாறையாக, நுண்துளைகள் நிறைந்த பீங்கான் பாறையையோ சிமென்ட் கலவையில் வார்த்த செயற்கைப் பாறையையோ வாங்குவதுதான் சரி. தொட்டியின் வேலைக்கு அதில் எந்தக் குறையும் இல்லை.

வளர்க்கும் பவளத்தைப் பொறுத்தவரை, கல் எலும்புக்கூடு இல்லாத மென்பவளங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். காளான் பவளம், தோல் பவளம், கடைகளில் சோவா என்று சுருக்கி அழைக்கப்படும் சோவாந்திடு ஆகியவை முதல் தொட்டிக்கு ஏற்றவை. எங்கிருந்து வந்தது, இறக்குமதியானால் ஆவணம் இருக்கிறதா என்று கேட்டு, ரசீதோடு வாங்குங்கள். பதில் சொல்லத் தயங்கும் கடையில் வாங்காமல் வந்துவிடலாம். வேறு நாடுகளில் வாழும் தமிழர்கள் அந்தந்த நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னதன் சாரம் இது: நீர் அதிகமாக உள்ள தொட்டி நிலையாக இருக்கும், ஆவியான நீருக்கு ஈடாகத் தூய நீரை மட்டுமே ஊற்ற வேண்டும், பாறை செயற்கையாகவும் பவளம் மென்பவளமாகவும் இருக்க வேண்டும்.

கல்லுப்பு ஏன் உதவாது

கடல்நீரை வற்றவைத்துத்தானே உப்பு எடுக்கிறார்கள், அந்த உப்பைத் திரும்பத் தண்ணீரில் கரைத்தால் கடல்நீர் வராதா என்ற கேள்வி நல்ல கேள்வி. உப்பளத்தில் நடப்பதைப் பார்த்தால் பதில் கிடைக்கும். நீர் வற்ற வற்ற, அதில் கரைந்துள்ளவை எல்லாம் ஒரே நேரத்தில் படிவதில்லை. முதலில் கால்சியம் கார்பனேட்டும், பிறகு ஜிப்சமும் அடியில் தங்கிவிடுகின்றன. அதற்குப் பின்னரே சோடியம் குளோரைடு, அதாவது சமையல் உப்பு, பாத்தியில் படிகமாகிறது. மக்னீசியம் மிகுந்த கசப்பு நீர் கடைசிவரை படியாமல் நிற்க, அதை வடித்துவிடுகிறார்கள். கையில் வரும் கல்லுப்பில் கால்சியமும் மக்னீசியமும் பெரும்பாலும் இல்லாமல் போவது இதனால்தான். இயற்கைக் கடல்நீரில் லிட்டருக்குக் கால்சியம் 400 மில்லிகிராமுக்குச் சற்று மேலும், மக்னீசியம் 1,300 மில்லிகிராம் அளவிலும் உண்டு. பவளத் தொட்டிக்கென விற்கப்படும் உப்புக் கலவையில் இவை எல்லாம் உரிய விகிதத்தில் சேர்க்கப்பட்டிருக்கும்.

கடற்கரைக்கே போய்க் குடத்தில் மொண்டு வரலாமே என்றும் கேட்பார்கள். கூவமும் அடையாறும் கலக்கும் கரையோரத்தில் அது உகந்ததல்ல. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்று நீர் கலந்து, வங்கக் கடலின் கரையோர உப்புத்தன்மையும் குறைந்துவிடும்.

உப்பைக் கரைக்கும் நீரும் முக்கியம். ஆழ்துளைக் கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உள்ள சிலிகேட்டும் பாஸ்பேட்டும் தொட்டிக்குள் பாசிக்கு வழிவிடும்; குளோரின் மீனுக்கும் நுண்ணுயிருக்கும் நஞ்சு. வீட்டு ஆர்.ஓ. கருவி குடிப்பதற்கென்று சிறிது தாது உப்பை விட்டுவைக்கும்படி அமைந்தது; கேன் தண்ணீரும் அப்படித்தான். ஆர்.ஓ. நீரை டி.ஐ. எனப்படும் பிசின் குழாய் வழியாக மீண்டும் ஒருமுறை செலுத்தி, கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் சுழியம் காட்டும்வரை சுத்திகரித்துக்கொள்ள வேண்டும்.

கலக்கும்போது முதலில் தண்ணீர், அடுத்து உப்பு. வாளியில் உப்பைப் போட்டு அதன் மேல் நீரை ஊற்றினால், அடியில் செறிவு கூடி, கால்சியம் வெள்ளைத் துகளாகப் படிந்துவிடும். சிறு பம்பு ஒன்றை ஓடவிட்டு நன்றாகக் கரைந்த பிறகு அளக்க வேண்டும். அளப்பதற்கு ரிஃப்ராக்டோமீட்டர் என்ற, ஒளி விலகலை வைத்து உப்பைக் காட்டும் கருவி போதும். ஆனால் அதைத் தூய நீரை வைத்துச் சரிபார்த்தால் மட்டும் போதாது. 35 என்ற அளவுக்கென விற்கும் சோதனைத் திரவம் இரண்டு துளி விட்டு, கோடு சரியாக 35-இல் நிற்கும்படி திருகைத் திருப்பிவிட்டே நம்ப வேண்டும்.

நுண்ணுயிரை உறை ஊற்றுதல்

தொட்டியில் நீர் நிறைந்து, பாறை அடுக்கி, பம்பு ஓடத் தொடங்கியதும் நீர் கண்ணாடிபோலத் தெளிந்துவிடும். பெரும்பாலான மீன்கள் சாவதற்குக் காரணம் இந்தத் தெளிவுதான். நீர் தயாராகிவிட்டது என்று நம்பி, அந்த வார இறுதியிலேயே மீன் வாங்கி விட்டுவிடுகிறார்கள்.

தொட்டியை ‘சைக்கிள்’ செய்வது என்று இத்துறையில் சொல்லப்படும் வேலை, பாலுக்கு உறை ஊற்றுவதற்கு நெருங்கியது. உறைமோர் ஊற்றிய பால் பார்வைக்குப் பாலாகவேதான் இருக்கும். உள்ளே நுண்ணுயிர்கள் பெருகியாக வேண்டும். சித்திரையில் விரைவாகவும் மார்கழியில் தாமதமாகவும் உறையும். இத்தனை மணி ஆயிற்று என்பதற்காக அது தயிராகிவிடாது. பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். தொட்டியிலும் நாள்காட்டி எதையும் சொல்லாது. ‘முப்பது நாள் ஆகிவிட்டது, மீன் விடலாமா?’ என்ற கேள்விக்குச் சோதனைக் குழாயைப் பார்க்காமல் விடை சொல்ல முடியாது.

உள்ளே நடப்பது இதுதான். மீன் தன் உடலில் உண்டாகும் கழிவின் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. தின்னாமல் அழுகும் இரையும் அம்மோனியாவாகிறது. அம்மோனியா செவுளைப் புண்ணாக்கும் நஞ்சு. நீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஒன்று கூடினால், அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகும். கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் இருப்பதால், நன்னீர்த் தொட்டியில் மீன் தாங்கிக்கொள்ளும் அம்மோனியா இங்கே உயிரைக் குடித்துவிடும்.

இந்த அம்மோனியாவை உண்டு வாழும் ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. வேறொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட், மிகுந்துவிடாத வரை, தொந்தரவு தராத பொருள். பாறையின் ஆழமான துளைகளில், ஆக்சிஜன் எட்டாத இடத்தில், இன்னொரு வகை நுண்ணுயிர் நைட்ரேட்டின் ஒரு பங்கை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கு அனுப்பிவிடுகிறது. இந்தத் தொடருக்குத்தான் நைட்ரஜன் சுழற்சி என்று பெயர். அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் நீரில் மிதப்பதில்லை. பாறை, மணல், கண்ணாடி ஆகியவற்றின் மேல் ஒட்டி வாழ்கின்றன. உணவைக் கெடுக்கும் சாதாரண பாக்டீரியா அரை மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகும் என்றால், இவற்றுக்கு அநேகமாக ஒரு நாளே பிடிக்கும். காத்திருப்பு வாரக்கணக்கில் நீள்வது இதனால்தான்.

பாறையே வடிகட்டி என்பது புதிய கண்டுபிடிப்பல்ல. இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர், நுண்ணுயிர்கள் குடியிருக்கும் ‘உயிருள்ள பாறை’யும் காற்றுக் குமிழியும் தவிர வேறு வடிகட்டி இல்லாமல் கடல் தொட்டிகளை நடத்தி, 1961-இல் அதைப் பற்றி எழுதினார். வடிகட்டிப் பெட்டியின் விலையை வைத்துத் தொட்டியின் தரத்தை எடை போடுபவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

உறை ஒப்புமை ஓரிடத்தில் பொருந்தாது. பாலில் நுண்ணுயிருக்கு உணவு ஏற்கெனவே இருக்கிறது; புதுத் தொட்டியில் இல்லை. கடையில் வாங்கிய நுண்ணுயிர்ப் புட்டியை ஊற்றிவிட்டு, அதற்கு உணவாக அம்மோனியா எதையும் தராமல் ஒரு மாதம் காத்திருந்தால், நல்ல பலன் எதுவும் இராது. அம்மோனியம் குளோரைடு கரைசலை அளந்து விட வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் நவச்சாரம் என்று கிடைப்பதும் அதே பொருள்தான் என்றாலும், அதன் தூய்மைக்கு யாரும் உறுதி தருவதில்லை என்பதால் ஆய்வகத் தரத்தில் வாங்குவது மேல். 190 லிட்டர் நீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா வர, 1.2 கிராம் அம்மோனியம் குளோரைடு போதும். சிலர் வெறும் தொட்டியில் ஒன்றிரண்டு டாம்செல் மீன்களை விட்டு அம்மோனியாவை உண்டாக்குவார்கள். மலிவான மீன் என்பதற்காக அதை நஞ்சில் நீந்தவிடுவது தேவையில்லாத கொடுமை. தப்பிப் பிழைக்கும் டாம்செல், பின்னால் வரும் மீன்களை விரட்டி விரட்டிக் கடிக்கவும் செய்யும்.

பிறகு சோதனை. ஒரு குழாயில் ஐந்து மில்லி தொட்டி நீரை எடுத்து, சோதனைப் பெட்டியோடு வரும் மருந்துத் துளிகளை விட்டுக் குலுக்கி, சொன்ன நிமிடம் காத்திருந்து, வெள்ளைத் தாளின் முன் பிடித்து நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். பரவலாகக் கிடைக்கும் பெட்டிகளில் அம்மோனியா இருந்தால் பச்சை, இல்லையென்றால் மஞ்சள். முதலில் நாள்கணக்கில் பச்சை அசையாமல் நிற்கும். பிறகு பச்சை வெளிறத் தொடங்க, நைட்ரைட் குழாய் ஊதாவாகும். அதுவும் வெளிறிய பின், மீண்டும் 2 மில்லிகிராம் அம்மோனியா விட்டுப் பாருங்கள். 24 மணி நேரத்துக்குள் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியத்துக்கு வந்துவிட்டால் தொட்டி தயார். பொதுவாக இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

சுருங்கச் சொன்னால், தெளிந்த நீர் எதற்கும் சான்றல்ல. அம்மோனியாவைக் கொடுத்து, ஒரே நாளில் அது மறைவதைக் கண்ணால் பார்ப்பதே சான்று.

மே மாதமும் மின்வெட்டும்

பவளத் தொட்டிக்கு 25 அல்லது 26 பாகை செல்சியஸ் வெப்பம் ஏற்றது. சென்னையில் கோடைப் பிற்பகலில், மின்விசிறி மட்டும் ஓடும் அறை 35 பாகையை எட்டும். பம்புகளின் சூடு வேறு. 30 பாகைக்கு மேல் நாள்கணக்கில் நின்றால், பவளத்தின் திசுவுக்குள் வாழ்ந்து, ஒளியிலிருந்து அதற்கு உணவு தயாரித்துக் கொடுக்கும் சூசாந்தெல்லே என்ற நுண்பாசி வெளியேறிவிடும். பவளம் நிறமிழந்து வெளுத்துப் போகும். கடலில் வெப்ப அலையின்போது நடப்பதும் இதே வெளுப்புதான்.

வெப்பத்தோடு ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது. 25 பாகையில் நன்னீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் கரையும்; கடல்நீரில் 7-க்கும் குறைவாகவே கரையும். சூடு ஏற ஏற அதுவும் குறையும். நீர்ப்பரப்பின் மேல் சிறு விசிறி வைத்தால் ஆவியாதலால் நீர் ஓரிரு பாகை குளிரும். ஆனால் கடலோர ஊரின் புழுக்கத்தில் அந்தப் பலன் குறைவு. சில்லர் எனப்படும் குளிர்விக்கும் கருவிதான் நிலையான வழி. அது தொட்டியிலிருந்து எடுத்த சூட்டை அறைக்குள் கக்கும் என்பதால், மூடிய மேசை அலமாரிக்குள் அதை அடைத்து வைக்கக் கூடாது.

மின்சாரம் போனால் முதலில் காப்பாற்ற வேண்டியது நீரோட்டத்தை, விளக்கை அல்ல. இன்வெர்ட்டரில் பம்பு ஒன்றையாவது இணைத்து வையுங்கள். மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றும் கைவசம் இருக்கட்டும். உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வழியாகவே தொட்டிக்கு இணைப்பு தர வேண்டும். ஒவ்வொரு மின்கம்பியும் சாக்கெட்டுக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறும்படி விட்டால், கம்பி வழியே வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

கையில் உள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், விலையுயர்ந்த விளக்கைத் தள்ளிப்போட்டுவிட்டு சில்லர் கருவியை வாங்குவதே என் பரிந்துரை.

மற்றக் கருவிகள்

புரோட்டீன் ஸ்கிம்மர் என்பது நீருக்குள் மிக நுண்ணிய குமிழிகளைச் செலுத்தும் குழல். கரைந்த கரிமக் கழிவு குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, நுரையாக மேலேறிக் கிண்ணத்தில் தேங்கும். கிண்ணத்தைக் கழற்றி முகர்ந்து பார்த்தவர் யாரும் அதன் பயனைச் சந்தேகிக்க மாட்டார். அந்தக் கழிவு அழுகி அம்மோனியா ஆவதற்கு முன்பே வெளியேறிவிடுகிறது. நன்னீரில் இந்த நுரை ஒழுங்காக உண்டாகாது என்பதால் இது கடல் தொட்டிக்கே உரிய கருவி.

அலை உண்டாக்கும் பம்பு, மென்பவளத் தொட்டிக்கு மணிக்குத் தொட்டி நீரைப் போல் பத்து முதல் இருபது மடங்கு நீரைத் தள்ளினால் போதும். விளக்கு நீலம் மிகுந்த எல்.இ.டி.யாக இருக்கட்டும், மென்பவளங்களுக்கு மிதமான ஒளியே ஏற்றது, வாங்கிய அன்றே முழு ஒளியில் எரிய விடாதீர்கள்.

பழுப்புப் படலத்தைக் கண்டு பதறாதீர்கள்

சுழற்சி முடிந்த கையோடு மணலும் பாறையும் பழுப்பாகும். அது டயாட்டம் என்ற நுண்பாசி. அதற்குப் பிறகு பச்சை மயிர்ப்பாசி வரும். புதுத் தொட்டியில் இடம் பிடிப்பதற்கான போட்டி இது. சில மாதம் நீடிக்கும். இந்தக் கட்டத்தில் பாசிக்கொல்லி மருந்தை ஊற்றுபவர்கள், அரும்பாடுபட்டு வளர்த்த நுண்ணுயிரையும் சேர்த்துப் பாதிப்புக்கு உள்ளாக்குகிறார்கள். இரையைக் குறைத்து, பாசி மேயும் நத்தைகள் சிலவற்றை விட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்து அல்லது பதினைந்து விழுக்காடு நீரை மாற்றி வந்தால் போதும். மென்பவளங்களுக்குத் தேவையான தாதுக்களையும் அந்த நீர்மாற்றமே பெரும்பாலும் ஈடுசெய்துவிடும்.

முதல் மீன், முதல் பவளம்

முதல் மீனாகக் கோமாளி மீன் இணை ஒன்று போதும். கடலில் பிடித்ததைவிடக் குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்தது தொட்டி வாழ்வுக்கும் உலர் இரைக்கும் எளிதில் பழகும். ராமேசுவரம் அருகே மண்டபம் என்ற ஊரில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் கோமாளி மீன் இனப்பெருக்க முறை உருவாக்கப்பட்டிருப்பதால், இது நம் ஊருக்கு எட்டாத பேச்சல்ல. கோமாளி மீனுக்கு, அனிமோன் எனப்படும் பூப்போன்ற கடல் உயிரான கடல் சாமந்தி கட்டாயம் வேண்டும் என்பது திரைப்படத்தால் பரவிய எண்ணம். அது இல்லாமலும் மீன் நலமாக வாழும். கடல் சாமந்தியோ புதுத் தொட்டியில் நிலைப்பது அரிது. நீல நிற ஹிப்போ டாங் கடையில் விரல் நீளத்தில் இருந்தாலும் 30 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. மூன்றடித் தொட்டி அதற்குச் சிறை.

எந்த மீனையும் வாங்கியவுடன் பெரிய தொட்டியில் விடாமல், பாறையில்லாத தனித்தொட்டியில் சில வாரம் வைத்துக் கவனிக்க வேண்டும். வெண்புள்ளி நோய்க்குத் தரும் செம்பு மருந்தைப் பவளத் தொட்டியில் ஒருபோதும் ஊற்றக் கூடாது. மீனைக் குணமாக்கும் அளவே நத்தைக்கும் பவளத்துக்கும் நஞ்சு.

மீன் விட்டு, பழுப்புப் படலமும் அடங்கிய பிறகு பவளத்துக்குப் போகலாம். காளான் பவளத்தை ஒளி குறைந்த கீழ்ப்பகுதியில் வைத்து, இரண்டு வாரம் இடம் மாற்றாமல் விட்டுவிடுங்கள். சோவாந்திடு வைப்பவர்கள் கையுறையும் கண்ணாடியும் அணிந்தே அதைத் தொட வேண்டும். அதன் சில இனங்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. தேவையில்லாமல் வளர்ந்துவிட்டதை அழிக்க நினைத்து, பாறையைக் கொதிநீரில் போட்டவர்கள், அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. பாறையைக் கொதிக்கவைக்கவோ, ஈரமற்ற நிலையில் தூரிகையால் தேய்க்கவோ கூடாது. தொட்ட பிறகு மூச்சுத்திணறலோ நாக்கில் உலோகச் சுவையோ தெரிந்தால், உடனே மருத்துவரிடம் போய் எதைத் தொட்டீர்கள் என்பதைப் பெயரோடு சொல்லுங்கள்.